வெள்ளை வண்டியும் கடைசி அடியும்

என் மேல் புகார் கொடுத்த ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதிப் பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், டீக்கடைப் பேப்பர். இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டேன். இங்கே கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை.

கறம்பக்குடிப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். இருபத்தெட்டு வருஷமாக மைக்கைக் கையில் பிடித்திருப்பவன் அதில் பேசியது "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" மட்டும்தான் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு இந்தத் தொழில் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பம் நட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, சீரியல் பல்பு இழுத்து முடித்ததும், பந்தல் முகப்பில் சர்வீஸ் பெயர் எழுதிய போர்டைத் தொங்கவிடுவோம். அதைக் கட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். உள்ளே யார் வீட்டு விசேஷம், எந்தச் சாமிக்குக் கொடை, யார் பாடுகிறார்கள் என்பதெல்லாம் வேறு. சத்தம் யாருடையது என்பதற்கு அந்தப் போர்டு. இந்த வழக்கம்தான் பிற்பாடு என் காலை வாரியது.

திருவிழாக்களில் பெண்கள் பாடுவதைப் பதிவு செய்கிற பழக்கம் எனக்கு இருந்தது. முளைப்பாரி நாட்களில் நவதானியம் முளைத்த சட்டிகளை நடுவில் வைத்துச் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். மைக் என்னுடையது, மிக்ஸர் என்னுடையது. ஒரு பொத்தானை அமுக்கினால் பதிவாகிவிடும். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்பேன். ஒரு நாள் என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "எம்புட்டு நல்லாப் பாடுறாங்க. இத நாம ரெண்டு பேரு மட்டும் கேட்டு என்ன செய்ய?" என்றாள்.

நம்மிடம் பாட்டை வாங்கி, எல்லாப் பாட்டு ஆப்களுக்கும் அனுப்பிவைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. போனிலேயே கணக்குத் தொடங்கலாம். பாட்டைச் சேர்த்து, கேட்கிற விவரத்தை நிரப்பினால், இங்கே கறம்பக்குடியிலிருந்து போகிற பாட்டை எந்த நாட்டிலும் கேட்கலாம். விவரம் நிரப்புகிற இடத்தில் "பாடியவர்" என்று ஒரு கட்டம், "எழுதியவர்" என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகி, மேலே நகர மாட்டேன் என்று நின்றது.

எனக்கு அந்தப் பெண்களின் பெயர் தெரியாது. கேட்டதில்லை. ஊர் விட்டு ஊர் போய், முன்பின் தெரியாத பெண்களிடம் "உங்க பேரு என்ன" என்று கேட்க எனக்கு அப்படி ஒரு கூச்சம். பாடியவர் கட்டத்தில் "கிராமத்துப் பெண்கள்" என்று போட்டேன். எழுதியவர் கட்டத்தில் கை தானாகப் போய் என் சர்வீஸ் பெயரை எழுதியது. போர்டு கட்டுகிற அதே கை. தப்பு என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இப்படியே நாற்பத்தொரு பாட்டு போட்டேன்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். மெமரி கார்டு நிறைந்ததும் பழசை அழித்துவிட்டு அடுத்த திருவிழாவைப் பதிவு செய்வேன். அதுதான் கம்பெனியில் பத்திரமாக இருக்கிறதே என்ற எண்ணம். அதனால் அந்த நாற்பத்தொரு பாட்டும் அந்தக் கணக்கைத் தவிர வேறு எங்கும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. முன்பும் இப்படி வந்திருக்கிறது, விளம்பரம் என்று விட்டுவிடுவேன். இதில் சிவப்பு எழுத்து இருந்ததால் பயந்து, கறம்பக்குடியில் சான்றிதழ் எடுக்கப் போகிற கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற பெண் என்னை அண்ணே என்று கூப்பிடுவார். போனை வாங்கிப் படித்தவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, ஒங்க மேல காப்பிரைட் புகாரு வந்திருக்கு. இது மூணாவது. மொத ரெண்டப் பாக்கவே இல்லையா?"

"வெளம்பரம்னு நெனச்சேம்மா."

"நல்லா நெனச்சீங்க போங்க. அந்த ரெண்டு பாட்டையும் எப்பவோ தூக்கிட்டாங்க. பின்னாடி பக்கத்துப் பந்தல்ல சினிமாப் பாட்டு ஓடியிருக்கு, மிசினே கண்டுபுடிச்சிருச்சு. ஆனா இத மிசினு போடல, ஆளு போட்டிருக்காங்க."

மூன்றாவது என்பதால் ஒரு வாரத்துக்குள் தீர்க்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்களாம். "இந்த ஒரு பாட்டு மட்டும் போகாதுண்ணே. மிச்சம் இருக்க எல்லாம் போயிரும். புகாரு தீர்ற வரைக்கும் எறக்கிக்கவும் விடாது. காப்பி வச்சிருக்கீங்கள்ல?"

மெமரி கார்டை அழித்து அழித்துப் பதிவு செய்த கதையைச் சொன்னேன்.

புகாரில் இருந்ததை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். கொடுத்தவர் வளைகுடாவில் வேலை செய்கிறவர். மீமிசல் பக்கத்து ஊர்க்காரர். 'இந்தப் பாட்டை உண்டாக்கியதும் பாடியதும் என் தாயார். இதில் எழுதியவர் என்று போட்டிருக்கும் பெயர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.' அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இதுக்கு எதிர் மனு போடலாம். 'இது என்னோடதுதான்'னு சொல்லணும். நெறையப் பேரு அதத்தான் போட்டு இழுத்தடிக்கிறாங்க. போடவா?" அவர் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றது. "பாட்டு ஒங்களோடதாண்ணே?"

"பதிவு பண்ணுனது நானும்மா."

"அது தெரியுது. பாட்டு?"

"இல்லம்மா."

"அப்பப் போடக் கூடாது. பொய் மனுவாயிரும். புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கணும், அது ஒண்ணுதான் வழி."

அவர் இரண்டாவது தடவை கேட்காமல் பட்டனை அமுக்கியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். எதையும் தடுத்துப் பழக்கமில்லாதவன் நான். அந்த இரண்டாவது கேள்விக்காக அவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு அவரே ஒரு மெயில் அனுப்பினார். மூன்று நாள் பதில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என் மனைவி, "அந்தத் தம்பி பதில் போடலைன்னா என்ன, ஆத்தா இங்கதானே இருக்கு. மீமிசலு என்ன மலேசியாவுலயா இருக்கு? போயிட்டு வாங்க" என்றாள்.

"பேரு தெரியாதுடி. எங்கன்னு போயிக் கேக்குறது?"

"பாட்டு தெரியும்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி மீமிசலில் இறங்கினேன். ஒரு டீக்கடையில் டீ சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்து முடிக்கும்வரை வாய் திறக்க முடியவில்லை. பிறகு மனைவி சொன்னபடி போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன். மீன்கூடையோடு பஸ் ஏறப் போகிற பெண்ணைப் பற்றிய பாட்டு அது. பாட்டுக்குச் சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு நாலு வரி மட்டும் எழுதுகிறேன்.

முன்வாசலில் ஏறாதேன்னு கண்டக்டரு சொன்னான் – நான்
பின்வாசலில் ஏறயில விசிலு ஊதிப் போனான்
கூடைநாத்தம் கொமட்டுதுன்னு மூக்கைமூடி நின்னவன் – சாயங்காலம்
கொழம்புவைக்க நெத்திலியைக் கூறுகேட்டு வந்தான்!

நாலாவது வரி வருவதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இது நம்ம மீன்காரக்கா கொரலுல்ல! இந்நேரம் ஏலக் கொட்டகையில இருக்கும். அங்கிட்டுப் போங்க."

கொட்டகையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நாலைந்து பெண்கள் மீனைக் கூறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்த் தூணோரமாக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மீன் வாங்க வந்தியா, தூணுக்கு முட்டுக் குடுக்க வந்தியா?"

குரலைக் கேட்டதுமே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. "அக்கா, நான் கறம்பக்குடி மைக் செட்டு. ஒங்க பாட்டு..." என்றேன்.

"ஓ, நீதானா அது!" என்று மற்ற பெண்களைப் பார்த்தார். "இங்க பாருங்கடி, எம் பாட்ட எழுதுன புலவரு வந்திருக்காரு. நல்லாப் பாத்துக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஐஸ் பெட்டிக்குள் போய் மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். ஒங்க பேரு இருக்க வேண்டிய எடத்துல எங்க சர்வீஸ் பேரப் போட்டுட்டேன்."

"என்னையப் பேரு கேட்டியா?"

"இல்லக்கா."

"ஏன், வாயில கொழுக்கட்டையா?" என்றவர் கை கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அது எம் மகன் கோவம். போன மாசம் அழைச்சு அரை மணி நேரம் கத்துனான். எங் கோவம் வேற. பாட்டோட கடசி அடி எங்க?"

எங்கள் பக்கத்தில் கும்மிப் பாட்டைக் கட்டியவர் கடைசி அடியில் தன்னைச் சொல்லி முடிப்பார். எந்த ஊரில் பிறந்தவள், யார் மகள், எங்கே வாக்கப்பட்டவள் என்று பெயரோடு வரும். அதுதான் பாட்டுக்குப் பட்டா. எத்தனையோ தடவை கேட்ட எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்குத் திருவிழாவில் இவர் கடைசி அடியைத் தொடங்குகிற நேரம், கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து என் கையிலிருந்த இன்னொரு மைக்கை வாங்கி, 'வழியை மறித்து நிற்கும் வெள்ளை நிற வண்டியை உடனே எடுக்கவும்' என்று மூன்று தடவை அறிவித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும்போல அவருக்காக மற்ற மைக்கின் சத்தத்தைக் குறைத்தேன். வீட்டில் வந்து கேட்டபோது வண்டி அறிவிப்புத்தான் கேட்டது. அதனால் அந்த இடத்திலிருந்து வெட்டிவிட்டுப் பாட்டை அனுப்பினேன்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். என் ஆயுசில் ஒரு பெண்ணிடம் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது என் கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான்.

"அப்ப எம் பேர வெட்டி எடுத்ததும் நீதான், ஒம் பேரப் போட்டதும் நீதான்" என்றார். அவர் குரலில் அப்போது கேலி இல்லை.

"ஆமக்கா."

வெள்ளிக்கிழமை மகனுக்கு விடுமுறை. அக்காவே அவரை வீடியோவில் அழைத்து, போனை மீன் பலகையின் மேல் சாய்த்துவைத்தார். கட்டில் மேல் கட்டில் போட்ட ஒரு அறை தெரிந்தது.

"டேய், ஒரு ஆளு வந்து நிக்கிறாப்ல. நீ மனு போட்டியே, அந்தாளு. ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்காரு."

மகன் என்னைப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். "அண்ணே, பக்கத்து ரூம்காரன் ஒரு நா போன்ல பாட்டுப் போட்டான். எங்க ஆத்தா கொரலு. படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டேன். பாதி ரூமு கூடிருச்சு. 'எங்க ஆத்தாடா'ன்னு சொல்றேன், எவனும் நம்பல. பேரப் பாத்தா ஒங்க மைக் செட்டு. எனக்கு எப்புடி இருக்கும்?"

"தப்புதான் தம்பி."

"ஒண்ணு கேக்குறேன். ஒரு விசேச வீட்டுல நீங்க செட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. எவனோ ஒருத்தன் ஒங்க போர்ட அவுத்துட்டு அவன் போர்ட மாட்டிட்டான். சும்மா இருப்பீங்களா?"

எனக்கு இதைவிட நன்றாக யாரும் விளக்கியிருக்க முடியாது. கம்பெனி மெயிலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தது இந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. "இருக்க மாட்டேன் தம்பி" என்றேன்.

"அதேதாண்ணே."

மெயிலைப் பார்த்தாராம், படித்தவர்கள் எழுதுகிற மன்னிப்பு மாதிரி இருந்ததால் பதில் போடவில்லையாம். மற்ற பாட்டெல்லாம் போய்விடும் என்று சொன்னபோது, "மத்ததுலயும் அவுங்க பேரு இல்லையில்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவைப் பார்த்து, "நீயே சொல்லு ஆத்தா, என்ன செய்ய?" என்றார்.

அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்தார். "கடசி அடியோட பாட்டு வரணும். அவ்வளவுதான். போட்டா வாபஸு."

"அக்கா, அன்னைக்குப் பதிஞ்சது அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சா என்ன? நான் அழிஞ்சா போயிட்டேன்? உசுரோடதானே நிக்கிறேன். ஒம் மைக்க எடு."

மைக் செட்காரன் கோயிலுக்குப் போனாலும் பையில் ஒரு சின்ன மைக் இருக்கும். எடுத்து அவர் சேலை ஓரத்தில் குத்திக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒரு சத்தம் போட்டார்; ஐஸ் உடைக்கிற மிஷினை நிறுத்தினார்கள். ஏலம் கூறுகிறவர்கூட ஒரு நிமிஷம் பொறுத்துக்கொண்டார். கூட இருந்த பெண்கள் செதில் ஒட்டிய கையாலேயே கும்மி கொட்டினார்கள். ஆரம்பிப்பதற்கு முன், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அக்கா, ஒங்க பேரு?" என்று கேட்டேன்.

"அதான் பாட்டுல வருதுல்ல. கேட்டு எழுதிக்க."

பாடினார். இரண்டு வருஷத்துக்கு முந்திய குரலைவிடக் கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது. கண்டக்டர் வருகிற இடத்தில் போனுக்குள்ளிருந்து மகன் சிரித்த சத்தமும் பதிவில் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை. கடைசி அடி வந்தது. பிறந்த ஊர் வந்தது, அப்பா பெயர் வந்தது, கடலில் போய்த் திரும்பாத கணவர் பெயர் வந்தது, பிறகு அவர் பெயர் வந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நின்றபடியே எழுதிக்கொண்டேன். அந்த டிக்கெட் இப்போதும் என் மிக்ஸர் பெட்டியில் இருக்கிறது.

புறப்படும்போது ஒரு பையில் நெத்திலியைக் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "கண்டக்டரு எதுவும் சொன்னா என் பாட்டப் போட்டுக் காட்டு" என்றார். அன்றைக்குக் கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் பையைக் காலுக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டேதான் வந்தேன்.

மகன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பாட்டைக் கேட்ட பிறகுதான் வாபஸ். சனிக்கிழமை சென்டர் பெண் பாட்டை அவருக்கு அனுப்பினார். அன்றைக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலேயே ஒரு காதுகுத்து. ஸ்பீக்கர் கட்டும்போது வயரை மாற்றிக் குத்தி ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டதாகப் பிற்பாடு திருவிழாக்களில் கேள்விப்பட்டிருந்தேன்; அவர்களை இனி மறுபடி பாடவைக்க முடியாது என்பது நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. காலையில் சென்டர் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன்.

சாவியோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்திருச்சுண்ணே, வந்திருச்சு. விடியக்காலையிலயே வாபஸ் அனுப்பிட்டாரு. நான் ஒங்களுக்குப் போன் போடுறதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க" என்றார்.

எனக்கும் மகனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. "அண்ணே, கடசி அடிய ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். இப்ப நம்புறானுங்க. மத்தவுங்களுக்கும் பேரப் போட்டுருங்க."

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் காரியம் முடிந்துவிட்டது. ஆனால் சொன்னதால் எனக்கு நாலு மாத வேலை கிடைத்தது. குளத்தூர்ப் பக்கமிருந்து மீமிசல் வரை, பதிவு செய்த ஊருக்கெல்லாம் பைக்கில் போனேன். முதலில் ஒவ்வொரு பாட்டையும் கார்டில் இறக்கிக்கொண்டேன். பிறகு வாசலில் நின்று பெயர் கேட்டேன். முதல் பத்து வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பரவாயில்லை. ஒரு பாட்டுக்கு மூன்று பேர் உரிமை கேட்டுச் சண்டை போட்டார்கள்; மூவர் பெயரையும் போட்டேன். ஒருவர், 'இது என் மாமியார் கட்டிய பாட்டு, அவர் பெயரைப் போடு' என்றார். மருமகன் வீட்டில் ஏதாவது சொல்வார்கள், என் பாட்டை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்டார். அருமையான பாட்டு அது. எடுத்துவிட்டேன். இறந்துபோன இருவருக்கும் அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பெயர் போட்டேன். வெளியிடுபவர் என்ற கட்டத்தில் என் சர்வீஸ் பெயர் இருக்கிறது. அது என் போர்டு. அந்த இடத்தில் கட்டலாம் என்று சென்டர் பெண் சொன்னார்.

இந்த ஆடியில் மறுபடி, அக்காவை முதலில் பதிவு செய்த அந்த ஊர் முளைப்பாரிக்குச் செட்டுப் போட்டேன். மீன்காரக்கா பாடினார். கண்டக்டர் பாட்டுத்தான், ஊரே கேட்டு வாங்கியது. கடைசி அடியைத் தொடங்குகிற நேரம், அதே கமிட்டிக்காரர் வேட்டியை மடித்துக்கட்டியபடி வந்து மைக்குக்குக் கை நீட்டினார்.

"மைக்கக் குடுப்பா. வெளில வண்டி மறிச்சு நிக்கிது."

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். "பாட்டு முடியட்டும்ணே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேசி அவர் கேட்டதில்லை. இன்னொரு தடவை கை நீட்டவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அக்கா தன் ஊரைச் சொன்னார், அப்பாவைச் சொன்னார், கணவரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார். நாலு குழாயிலும் அது கடற்கரை வரை போயிற்று. அதற்குப் பிறகு மைக்கைக் கொடுத்தேன். யாருடைய வண்டியோ தெரியாது, அதுவரை அங்கேயே நின்றது.